நான்காம் நாள் நரம்புப் பரிசோதனை சரியாக இருந்தால் கில்லன் பாரே இல்லை என்று பொருளா?

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான்: முப்பத்தைந்து வயதுத் தம்பிக்கு இரண்டு வாரத்துக்கு முன் கடுமையான வயிற்றுப்போக்கு. அது நின்ற சில நாட்களில் கால் விரல்களில் மரமரப்பு. அடுத்து மாடிப்படி ஏற முடியவில்லை. நான்காம் நாள் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. அன்றே நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்தார்கள். "பெரும்பாலும் இயல்பு, சில சிறு மாற்றங்கள், நோய்க்குறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்" என்று அறிக்கை வந்தது. நரம்பியல் மருத்துவரோ இது கில்லன் பாரே, அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைத் தளர்த்தும் நோய் என்கிறார். சில லட்சம் ரூபாய் ஆகும் இம்யூனோகுளோபுலின் (நலமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்) மருந்தை உடனே தொடங்க வேண்டும் என்கிறார். பரிசோதனையே உறுதியாகச் சொல்லாதபோது இவ்வளவு அவசரம் எதற்கு? ஒரு வாரம் பொறுத்து, மறுபடி பரிசோதித்துவிட்டுத் தொடங்கக் கூடாதா?

பொறுக்க வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை. அவரைத் தொட்டுப் பரிசோதித்த மருத்துவரின் முடிவுதான் செல்லும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிசை, அதாவது வயிற்றுப்போக்கு, இடையில் சில நாள் நலம், பிறகு இரண்டு கால்களிலும் ஒரே அளவில் தொடங்கி நாளுக்கு நாள் கூடும் பலவீனம், அந்த அறிக்கையில் இருக்கும் எந்த எண்ணையும்விட முக்கியமானது. கூடவே, சுத்தியலால் தட்டியபோது முழங்காலிலும் குதிகாலிலும் அனிச்சை வரவில்லை என்று மருத்துவர் குறித்திருந்தால், சிகிச்சையைத் தொடங்க அதுவே போதிய காரணம். முதல் வாரத்தில் நரம்புக் கடத்தல் பரிசோதனை அந்த முடிவுக்குத் துணை நிற்கும்; சில சமயம் வேறு நோயைக் காட்டிக் கொடுத்து முடிவை மாற்றவும் செய்யும். "இயல்பு" என்ற ஒரு சொல்லால் முடிவைத் தள்ளிப்போட மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

அவசரம் நோயின் வேகத்தால் வருகிறது. கில்லன் பாரே நோயாளிகளில் பெரும்பாலோர் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் மிக மோசமான நிலையை அடைகிறார்கள். நான்கு வாரத்துக்கு மேல் கீழிறங்கிக்கொண்டே போனால் அது வேறு நோயாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் நால்வரில் ஒருவர் வரை மூச்சுத் தசைகள் தளர்ந்து வென்டிலேட்டருக்குப் போகிறார்கள். இம்யூனோகுளோபுலின் இரண்டு வாரத்துக்குள்ளும், ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை நான்கு வாரத்துக்குள்ளும் தொடங்கப்பட்டவர்களிடம்தான் பலன் நிறுவப்பட்டிருக்கிறது, முந்தினால் நல்லது. இந்த இரண்டுமே நரம்பின் மீதான தாக்குதலைக் குறைப்பவை. ஏற்கெனவே சிதைந்த நரம்பிழையை அவை ஒட்டவைப்பதில்லை. ஆகவே, பரிசோதனையில் சிதைவு பளிச்சென்று தெரியும்வரை காத்திருப்பது, எதைத் தடுக்க மருந்து கொடுக்கிறோமோ அது நடந்து முடியும்வரை காத்திருப்பதாகும்.

இனி, அந்தப் பரிசோதனை ஏன் நான்காம் நாளில் வாய் திறக்காமல் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். இதற்கு அது எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்க முடியும் என்று காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1850-இல் தவளையின் நரம்பில் விநாடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று அளந்தார். இன்று மருத்துவமனையில் நடப்பதும் அடிப்படையில் அதுவேதான். மணிக்கட்டில் மீடியன் நரம்பின் மேல் ஒரு நொடிப் பொழுதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மின்தூண்டல் தருவார்கள். பெருவிரல் மேட்டுத் தசை துடிக்கும். அந்தத் துடிப்பு எத்தனை மில்லி விநாடியில் வந்தது, அதன் அலை எவ்வளவு உயரம் என்று பதிவாகும். பிறகு முழங்கை மடிப்பில் தூண்டி அதே தசையில் மறுபடி பதிவு செய்வார்கள். இரண்டு நேரங்களின் வித்தியாசத்தால் இடைப்பட்ட தூரத்தை வகுத்தால் வேகம் கிடைக்கும். கையில் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல், காலில் 40 மீட்டருக்கு மேல் இருந்தால் பெரியவர்களுக்கு இயல்பு. உணர்வு நரம்புகளையும் இப்படியே சோதிக்கலாம். ஆனால் அவற்றின் அலைகள் மில்லி வோல்ட்டில் அல்லாமல் மைக்ரோ வோல்ட்டில் அளக்கும் அளவுக்குச் சிறியவை.

வேகம் தருவது நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மையலின் உறை. உறை அரிபட்டால் வேகம் குறையும், செய்தி வந்து சேரத் தாமதமாகும், சில இழைகளில் நடுவழியிலேயே நின்றுவிடும். கடைசியாகச் சொன்னதைக் கடத்தல் தடை என்கிறோம்: மணிக்கட்டில் தூண்டினால் அலை உயரமாக வரும், முழங்கையில் தூண்டினால் பாதியாகச் சுருங்கும். நரம்பிழையே சிதைந்தால் கதை வேறு. எஞ்சியிருக்கும் இழைகள் வேகமாகவே கடத்தும். எண்ணிக்கை குறைந்ததால் எங்கே தூண்டினாலும் அலை குட்டையாக இருக்கும்.

இப்போது முக்கியமான இடம். கில்லன் பாரே நோயில் நோயெதிர்ப்பு அணுக்களும் எதிர்ப்பொருள்களும் நரம்பு முழுவதையும் ஒரே சமயத்தில் தாக்குவதில்லை. ரத்தத்துக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு காப்புத் தடுப்பு இருக்கிறது. அது தண்டுவடத்திலிருந்து நரம்பு புறப்படும் வேர்ப்பகுதியிலும், தசைக்குள் நுழையும் கடைசி நுனியிலும் பலவீனமானது. தாக்குதல் முதலில் அந்த இரண்டு முனைகளிலும் விழுகிறது. ஆனால் வழக்கமான வேக அளவீடு எங்கே நடக்கிறது? மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே. வாய்க்காலின் நடுவில் நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மதகிலும் கடைமடையிலும் குறையில்லை என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. நான்காம் நாளில் முன்கையின் வேகம் 56 மீட்டர் என்று வருவதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

ஆகையால் முதல் வாரத்து அறிக்கையைக் கையில் எடுத்தால் நான் வேகப் பத்தியைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் தேடுவது எஃப் அலை, எச் அனிச்சை என்ற இரண்டையும்.

மணிக்கட்டில் தரும் தூண்டல் தசையை நோக்கி மட்டும் போவதில்லை. எதிர்த் திசையில் தண்டுவடத்தை நோக்கியும் ஏறுகிறது. அங்கேயுள்ள இயக்க நரம்புக் கலங்களில் சிலவற்றைத் தட்டியெழுப்ப, அவை ஒரு சின்ன அலையைத் திருப்பி அனுப்புகின்றன. அது வேர்ப்பகுதியை இரண்டு முறை கடந்து தசைக்கு வந்து சேர்கிறது. கையில் ஏறத்தாழ 25 முதல் 32 மில்லி விநாடிக்குள்ளும், காலில் 45 முதல் 56 மில்லி விநாடிக்குள்ளும் வர வேண்டும்; ஆள் உயரமாக இருந்தால் சற்றுக் கூடும். இதுவே எஃப் அலை. ஒவ்வொரு தூண்டலுக்கும் வடிவம் மாறும் என்பதால் குறைந்தது பத்து முறையாவது தூண்டிப் பார்க்க வேண்டும். இந்த அலை வராமல் போனாலோ, மிகத் தாமதமாக வந்தாலோ, பத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் வந்தாலோ, நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே வேரில் கோளாறு என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கால் மேற்புறத்துக்குப் போகும் பெரோனியல் நரம்பில் நலமானவர்களுக்கே எஃப் அலை சில சமயம் வராது. உள்ளங்காலுக்குப் போகும் டிபியல் நரம்பில் வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

எச் அனிச்சை என்பது குதிகாலில் சுத்தியலால் தட்டும் அனிச்சையின் மின்வடிவம். முழங்காலின் பின்குழியில் மெல்லிய தூண்டல் தந்து கெண்டைக்கால் தசையில் பதிவு செய்வார்கள். உணர்வு இழை வழியாக வேருக்குப் போய், இயக்க இழை வழியாகத் திரும்பும் முழுச் சுற்று இது. இரு வழியில் எங்கே பழுது இருந்தாலும் விழுந்துவிடும் என்பதால் நோயின் தொடக்கத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் காட்டுவது இதுதான். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் முதல் ஏழு நாட்களுக்குள் பரிசோதிக்கப்பட்ட 31 கில்லன் பாரே நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. அவர்களில் 30 பேருக்கு எச் அனிச்சை வரவில்லை. இவ்வளவு எளிய சோதனையைப் பல கூடங்களில் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. முதல் வாரத்தில் வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றால்கூட இதையும் எஃப் அலையையும் செய்துவிட வேண்டும்.

ஆனால் எச் அனிச்சை இல்லாத எல்லோருக்கும் கில்லன் பாரே என்று பாய்ந்துவிடவும் கூடாது. அறுபது வயதைக் கடந்தவர்களிலும், பல ஆண்டுச் சர்க்கரை நோயாளிகளிலும், இடுப்பு முதுகெலும்பில் டிஸ்க் நழுவி நரம்பை அழுத்துபவர்களிலும் அது இல்லாமல் இருப்பது சாதாரணம். உங்கள் தம்பியின் வயதில், சர்க்கரை இல்லாதவரிடம், இரண்டு கால்களிலும் அது வராமல் போனால் மட்டுமே அதற்கு எடை அதிகம்.

மூன்றாவதாகப் பார்ப்பது உணர்வு நரம்புகளின் ஒரு விசித்திரமான கோலம். சர்க்கரை நோய் போன்றவற்றில் நீளமான நரம்புகள் முதலில் பழுதாகும். கணுக்காலுக்கு வெளிப்புறம் ஓடும் சூரல் நரம்பின் அலை முதலில் குறையும், விரல்களின் அலை பிறகுதான். கில்லன் பாரேயில் இது தலைகீழ். விரல்களிலிருந்து வரும் மீடியன், அல்னார் (சுண்டுவிரல் பக்கத்து நரம்பு) அலைகள் குட்டையாகியிருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும். சூரல் அலை மட்டும் குத்துக்கல்லாக நிற்கும். விரலில் பதிவது நரம்பின் கடைசி நுனி, சூரலில் பதிவது நுனிக்கு வெகு மேலே உள்ள பகுதி என்பது இதற்கு ஒரு காரணம். காலில் மரமரப்பு, ஆனால் கால் நரம்பு சரி, கை நரம்பு கெட்டிருக்கிறது என்று அறிக்கை சொல்வதைப் பார்த்து அட்டைகள் மாறிவிட்டனவா என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. மாறவில்லை. அந்த முரண்தான் அடையாளம். மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் கோளாறு இருந்தாலும் இதே தோற்றம் வரும் என்பதால், அல்னாரிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதை நம்ப வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட "சில சிறு மாற்றங்கள்" எவை என்று அறிக்கையின் உள்பக்கங்களில் பாருங்கள். எஃப் அலை, எச் அனிச்சை, விரல் உணர்வு அலை, நுனித் தாமதம் (மணிக்கட்டிலோ கணுக்காலிலோ தூண்டியபின் தசை துடிக்க ஆகும் நேரம்) இந்த நான்கில் இரண்டு கெட்டிருந்தால், முடிவுரையில் "பெரும்பாலும் இயல்பு" என்று எழுதியவர் அட்டவணையைப் பார்த்து எழுதினாரே தவிர நோயாளியைப் பார்த்து எழுதவில்லை என்பேன்.

முழுப் பரிசோதனையும் உண்மையிலேயே இயல்பாக இருக்குமா? இருக்கும். முதல் சில நாட்களில் அப்படி வருபவர்கள் உண்டு, பலவீனம் கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட. முதுகுத்தண்டு நீர் பரிசோதனையிலும் இதே சிக்கல்தான். இந்த நோயில் அந்த நீரில் புரதம் ஏறும், வெள்ளணுக்கள் ஏறாது. ஆனால் முதல் வாரத்தில் புரதம் இன்னும் ஏறாதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கிறார்கள். இரண்டு பரிசோதனையும் ஒரே நாளில் இயல்பாக வந்தால் குடும்பம் தைரியமடைகிறது; மருத்துவர் தைரியமடைய மாட்டார். தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருந்தால்தான் அவர் வேறு பக்கம் திரும்புவார்.

இந்தப் புரதக் கண்டுபிடிப்பு 1916-இல், முதல் உலகப் போரின் நடுவில், இரண்டு பிரெஞ்சு வீரர்களிடம் நடந்தது. ஜார்ஜ் கில்லன், ழான் அலெக்சாந்தர் பாரே, ஆந்த்ரே ஸ்ட்ரோல் என்ற மூவரும் சேர்ந்து அதை எழுதினார்கள். அவர்களில் அனிச்சைகளையும் தசைகளையும் கருவி கொண்டு பதிவுசெய்து பார்த்தவர் ஸ்ட்ரோல். பின்னாளில் நோயின் பெயரிலிருந்து உதிர்ந்துபோனது அவர் பெயர்தான். நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன அனுபவம்.

உங்கள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற கிருமி இந்த நோய்க்கு முன்னோடியாக வருவதில் முதலிடம் பெற்றது. அதன் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகள் நம் நரம்பின் மேலுள்ள கேங்லியோசைடு என்ற பொருளை ஒத்திருக்கின்றன. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் நரம்பையும் எதிரியாக எடுத்துக்கொள்கிறது. 2025 ஜனவரியில் புனே நகரில் திடீரென இந்த நோய் பரவி, சந்தேகத்துக்குரியவர்கள் என்று 200-க்கும் மேற்பட்டோர் கணக்கிடப்பட்டபோதும் பலருடைய மலத்தில் இந்தக் கிருமி இருந்தது. அசுத்தமான தண்ணீர்மீது சந்தேகம் விழுந்தது. இந்தக் கிருமிக்குப் பின் வரும் நோய் பெரும்பாலும் மையலினை விட்டு நரம்பிழையையே குறிவைக்கும் வகை. வட சீனாவில் கோடைதோறும் கிராமத்துப் பிள்ளைகளைத் தாக்கிவந்த வாதநோய் இவ்வகைதான் என்று 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. இதில் உணர்வு நரம்புகள் தப்பிவிடும், இயக்க நரம்புகள் மட்டும் விழும். சிலருக்கு அனிச்சைகள்கூடத் தொடக்கத்தில் இருக்கும், அபூர்வமாக அதிகமாகவும் இருக்கும். அனிச்சை இருக்கிறதே, எனவே நரம்பு நோய் இல்லை என்று அனுப்பிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது.

இந்த வகையில் பரிசோதனையின் காலக்கணக்கும் வேறு. நரம்பிழை மேலே துண்டிக்கப்பட்டாலும் கீழ்ப்பகுதி உடனே சாவதில்லை. இயக்க நரம்பின் அறுபட்ட கீழ்ப்பகுதி தூண்டினால் சில நாட்கள் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு வாரத்துக்குள் அடங்கும். உணர்வு நரம்பு அடங்கப் பத்து நாள் அளவில் ஆகும். ஊசி செருகித் தசையைப் பார்க்கும் இ.எம்.ஜி. பரிசோதனையில் நரம்பற்ற தசையின் அடையாளங்கள் தோன்ற இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஆகவே நான்காம் நாள் ஊசிப் பரிசோதனைக்கு வற்புறுத்துவதில் வலியைத் தவிரப் பெரிய வரவு இல்லை.

இரண்டாம் பரிசோதனைக்கு அர்த்தம் இருப்பது இதனால்தான். முதல் பரிசோதனையில் அலைகள் மிகவும் குட்டையாக இருந்தால் நரம்பிழைகள் போய்விட்டன, தேற ஓராண்டு ஆகும் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் எதிர்ப்பொருள்கள் மையலின் உறையின் நடுநடுவே உள்ள ரான்வியர் கணு என்னும் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு கடத்தலை நிறுத்தி மட்டும் வைத்திருக்கலாம். இழை உயிரோடு இருக்கும். அப்படிப்பட்டவருக்கு மூன்று முதல் எட்டு வாரத்தில் மறுபடி பரிசோதித்தால் அலைகள் உயர்ந்து நிற்கும். உண்மையில் சிதைந்தவருக்கு உயராது. இரண்டு பேரையும் முதல் நாளில் பிரித்தறிய முடியாது. மையலின் வகையா, இழை வகையா, தேறும் காலம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அந்த இரண்டாவது பரிசோதனைதான் பதில் தரும். மருந்தின் தேர்வோ அளவோ இந்த வகைப் பிரிவால் மாறுவதில்லை. அதனால் மருந்து அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மருந்தைப் பற்றிய கணக்கு இது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம் இம்யூனோகுளோபுலின், ஐந்து நாள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 24 கிராம், மொத்தம் 120 கிராம். ஐந்து கிராம் குப்பியாக எண்ணினால் 24 குப்பிகள். செலவு மலைக்க வைப்பதுதான். பணம் தடையாக இருந்தால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான்கைந்து முறை செய்யும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை இதற்கு நிகரான பலன் தருவது; வசதியுள்ள அரசு மருத்துவமனையில் செலவு வெகுவாகக் குறையும். நிகரான வழி இருக்க, ஒன்றும் செய்யாமல் ஒரு வாரத்தைக் கழிப்பதுதான் நட்டம். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்ய ஆசைப்பட வேண்டாம்: இம்யூனோகுளோபுலின் ஏற்றிய கையோடு பிளாஸ்மாவை மாற்றினால் ஏற்றிய மருந்தே வெளியே போய்விடும். ஸ்டீராய்டு மலிவானது என்று யாராவது சொன்னால், கில்லன் பாரேயில் அதற்குப் பலன் இல்லை என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம்.

பரிசோதனை உண்மையிலேயே முடிவை மாற்றும் இடம், இதைப் போலவே தோற்றமளிக்கும் வேறு நோய்கள். நம் ஊரில் இந்தப் பட்டியல் நீளமானது. ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்தாலும் கைகால் விழும். அதற்கு நரம்புப் பரிசோதனைக்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் விடை கிடைக்கும், கிடைக்க வேண்டும். ஒடுவந்தழையை அரைத்துக் குடித்தவர்களுக்கும் பொட்டாசியம் இப்படிச் சரிவதுண்டு. குடித்ததை முதலில் யாரும் சொல்வதில்லை. தரையில் படுத்துறங்கியவரை இரவில் கட்டுவிரியன் கடித்தால் கடிவாய்கூடத் தெரியாது. விடியலில் இமை சரிந்து, கழுத்து தளர்ந்து, மூச்சு திணறும். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு ஓரிரு நாள் கழித்து இதேபோல் ஒரு தளர்ச்சி வரும். இந்த இரண்டிலும் கோளாறு நரம்பும் தசையும் சேரும் சந்தியில். அடுத்தடுத்துத் தூண்டி அலை எப்படி மாறுகிறது என்று பார்த்தால் கண்டுகொள்ளலாம். உணர்வு அலைகளும் எஃப் அலையும் நன்றாக இருக்க, சிறுநீர் அடைத்துக்கொண்டு, மார்பளவில் ஒரு கோடு போட்டதுபோல் உணர்ச்சி நின்றிருந்தால் அது தண்டுவட அழற்சி, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீர்த் தளர்வாதம் வந்தால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், போலியோ கண்காணிப்புக்காக அரசுக்குத் தகவல் தந்து மலமாதிரி அனுப்புவது கட்டாயம்.

பரிசோதனையின் தரம் பற்றியும் நாலு வார்த்தை. இந்தத் துறையில் பெரிய எதிரி குளிர்சாதனம். தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறைகிறது. குளிர்ந்த அறையில் அரைமணி நேரம் போர்வையில்லாமல் கிடந்த கால்களில் அளந்துவிட்டு மையலின் கெட்டுவிட்டது என்று எழுதினால், கெட்டது அறையின் வெப்பநிலைதான். கை 32 டிகிரிக்கும் கால் 30 டிகிரிக்கும் குறையாமல் வெதுவெதுப்பாக்கிய பிறகே தொடங்க வேண்டும். குளிர் அலையை உயர்த்தியும் காட்டும். ஆகவே உண்மைப் பழுது மறையவும் கூடும். அடுத்தது, மின்தூண்டலின் அளவு. நோயாளி வலியால் முகம் சுளிக்கிறார் என்று பாதித் தூண்டலோடு நிறுத்தினால் இழைகளில் பாதி எழாது, அலை குட்டையாக வரும், இல்லாத கடத்தல் தடை இருப்பதாகத் தெரியும். அலை இதற்குமேல் உயரவில்லை என்று ஆனபின் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பதே முறை. கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று இரண்டு நரம்புகளோடு முடித்துவிடும் பழக்கமும் இருக்கிறது. கில்லன் பாரே என்று சந்தேகிப்பவருக்குக் குறைந்தது நான்கு இயக்க நரம்புகளும் மூன்று உணர்வு நரம்புகளும் பார்க்காத அறிக்கையை நான் அறிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லைக்கு வெளியே உள்ள எண்ணுக்குச் சிவப்பு நிறம் பூசித் தரும் இயந்திரம் வயதையும் உயரத்தையும் கைச்சூட்டையும் அறியாது. பிறந்த குழந்தையின் நரம்பு வேகம் பெரியவர்களுடையதில் பாதிதான் என்பதைக்கூட, நாம் எடுத்துச் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

நாள்பட்ட அழற்சி நரம்பு நோயைப் பற்றியும் பலர் கேட்பதால் சேர்த்துச் சொல்கிறேன். எட்டு வாரத்தைத் தாண்டியும் பலவீனம் கூடிக்கொண்டு போனால், அல்லது மருந்துக்குத் தேறி மறுபடி மறுபடி சரிந்தால், அது சி.ஐ.டி.பி. என்ற வேறு நோய். கில்லன் பாரே என்று தொடங்கியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர் இப்படி மாறுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு வேலை செய்யும். வேகக் குறைவும் மிகத் தெளிவாக, பெரும்பாலும் இயல்பின் கீழெல்லையிலிருந்து நூற்றுக்கு முப்பதுக்கு மேல் குறைந்து, தெரியும். இங்கே ஆபத்து எதிர்த் திசையிலிருந்து வருகிறது. சர்க்கரை நோயால் வந்த சாதாரண வேகக் குறைவைப் பார்த்து சி.ஐ.டி.பி. என்று முடிவு கட்டி, ஆண்டுக்கணக்கில் மருந்து ஏற்றுகிறார்கள். 2015-இல் அமெரிக்காவில் இந்த நோய் என்று அனுப்பப்பட்ட 59 பேரை மறுபரிசீலனை செய்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இல்லை.

தொழுநோயில் கில்லன் பாரேக்கு நேர் மாறான நிலை. அதுவும் நரம்பின் அழற்சிதான். ஆனால் அது மெதுவாக, சத்தமில்லாமல் அரிக்கும். உத்தரப் பிரதேசத்து மருத்துவமனைகளில் புதிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை பழுதைக் காட்டுவதற்கு 12 வாரங்கள் முன்பே உணர்வு நரம்பின் அலை குறையத் தொடங்கியது சிலரிடம் தெரிந்தது. அங்கே கருவி கையை முந்துகிறது. கில்லன் பாரேயின் முதல் நாட்களில் சுத்தியல் பிடித்த கை கருவியை முந்துகிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. மருத்துவரிடம் இன்று கேட்க வேண்டியது, எஃப் அலையும் எச் அனிச்சையும் பார்த்தார்களா, சூரல் நரம்பையும் விரல் நரம்பையும் ஒப்பிட்டார்களா, பொட்டாசியம் எவ்வளவு என்பவை. அதைவிட முக்கியம், மூச்சளவு, அதாவது ஆழமாக இழுத்த மூச்சை முழுவதும் வெளிவிடும்போது வரும் காற்றின் அளவு, எவ்வளவு என்பது. கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே போனால் வென்டிலேட்டருக்குத் தயாராக வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். இந்த நோயில் அது கடைசியில்தான் குறையும். ஒரு மூச்சில் எத்தனை எண் எண்ண முடிகிறது என்று காலையும் மாலையும் எண்ணச் சொல்லுங்கள். முந்தின வேளையைவிடக் குறைந்துகொண்டே வந்தாலோ, இருமல் பலவீனமானாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, முகம் இரு பக்கமும் தளர்ந்தாலோ, கழுத்தைத் தலையணையிலிருந்து தூக்க முடியாமல் போனாலோ, அடுத்த சுற்று வரை காத்திராமல் அப்போதே செவிலியரை அழையுங்கள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் காரணமின்றி ஏறி இறங்குவதும் இந்த நோயின் குணம். இவை தீவிர சிகிச்சைப் பிரிவில் கவனிக்கப்பட வேண்டியவை. வார்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் செலவு பார்த்து வற்புறுத்த வேண்டாம்.

இரண்டாம் பரிசோதனைக்குப் போகும்போது முதல் அறிக்கையின் முடிவுரைப் பக்கத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அலைகள் அச்சிட்ட பக்கங்களையும் அட்டவணைகளையும் கேட்டு வாங்கி வைத்திருங்கள். பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். மறுமுறை செய்பவர் அதே நரம்புகளை, அதே பக்கத்துக் கைகால்களில், அதே தூரங்களில் அளந்து பார்த்தால்தான் அலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று சொல்ல முடியும்.